நாலு தறியும் ஒரு டி.சி.யும்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஏழு பேர். அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, எங்கள் தறிகளைப் பார்த்துவந்த ஃபிட்டர், பக்கத்து செட்டுக்காரர், லாரி டிரைவர், நான். தானும் இருந்ததாகத் தம்பி இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் இல்லை. அம்மை போட்டு, சித்தி வீட்டில் வேப்பிலை மேல் கிடந்தான். லாரியோடு ஒரு கிளீனரும் வந்திருந்தார். ஆனால் அப்பா அந்த வார்த்தையைச் சொன்ன நேரத்தில் அவர் டயருக்கு முட்டுக் கொடுக்கக் கல் தேடிப் போயிருந்தார். அதனால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இவ்வளவு கறாராக ஆள் எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா சொன்னதற்குச் சாட்சி வேண்டும். ஏழு பேரில் இன்று மிச்சம் மாமாவும் நானும்தான். டிரைவர் எங்கே இருக்கிறாரோ தெரியாது. மாமாவிடம் கேட்டால், “அப்பிடியா சொன்னாவ?” என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்.

அப்பா சொன்னது இது. நாலாவது தறியும் லாரியில் ஏறி, கயிறு இறுக்கிக்கொண்டிருந்தபோது ஃபிட்டர்தான் கேட்டார், பிள்ளை படிப்பு என்ன ஆகும் என்று. அப்பா வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, “ஒரே மாசம். அங்க தறி ஓடிருச்சின்னா இவள வத்திராயிருப்புப் பள்ளிக்கூடத்துல சேத்துருவேன். டி.சி.ய நானே வந்து வாங்கிக்கிடுதேன்” என்றார்.

எனக்குப் பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்பு.

இதை இப்போது எழுதவைத்தவன் என் மகன். அவன் பேண்டேஜ் துணியைச் சுருட்டி வெட்டி உறையில் போடும் மிஷின் மூன்று வைத்திருக்கிறான். அதைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போகப்போகிறேன் என்று போன மாதம் சொன்னான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. உங்களுக்கும் பேரன் பேத்தி இருக்கும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்குக் கிழக்கே பஸ்ஸில் அரைமணி. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குச் சுற்றும் துணி நெய்கிற ஊர். தெருவுக்குப் பத்து செட்டு, அதாவது தறிக்கொட்டகை; செட்டுக்கு நாலு தறி, ஆறு தறி. தறிச் சத்தத்துக்குள் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: சத்தம் காதில் விழாது. அது நின்றால்தான் விழும். எங்கள் ஃபிட்டர் முக்கு டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். திடீரென்று தலையைத் தூக்குவார். “ரெண்டாம் செட்டுல மூணாம் தறி நின்னுருச்சி” என்று சொல்லிவிட்டு, டீயை அப்படியே வைத்துவிட்டுப் போவார். ஆள் அனுப்ப வேண்டாம். சத்தத்தில் ஓட்டை விழுந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். திரும்பி வரும்போது டீ ஆறியிருக்காது.

இன்னொன்றும் இருந்தது. குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்து விரட்டுகிற எருமைத்தோல் கட்டைக்குப் பிக்கர் என்று பெயர். அது அடி வாங்கிக்கொண்டே இருக்கிற சாமான். எந்த நேரமும் பிய்ந்துபோகும். பிய்ந்தால் கடைக்கு யாரும் ஓடமாட்டார்கள். பக்கத்து செட்டில் போய் ஒன்று எடுத்து வருவார்கள். அடுத்த வாரம் அவர்கள் நம்மிடம் வந்து ஒரு நாடாவோ தோல்பட்டையோ எடுத்துப்போவார்கள். யாரும் எழுதிவைப்பதில்லை, கேட்பதில்லை. குழம்புக்குக் கறிவேப்பிலை வாங்குகிற மாதிரி.

அப்பா மட்டும் மனசுக்குள் எழுதிவைத்திருந்தார்.

அதுவும் முதலிலிருந்தே இல்லை. அந்த வருடம் தீபாவளிக்கு எங்கள் தறி ஓட்டுகிறவர் ஒருவர் அட்வான்ஸ் கூடக் கிடைத்ததென்று பக்கத்து செட்டுக்குப் போய்விட்டார். அதற்கு ஆறு மாதம் முன்னால் பக்கத்து செட்டிலிருந்து எங்கள் செட்டுக்கு வந்தவர்தான் அவர். அப்பாவுக்கு வந்தது மறந்துபோய், போனது மட்டும் நெஞ்சில் நின்றுவிட்டது. இந்த ஊரில் எல்லாரும் ஒரே தொழில், எல்லாருக்கும் ஒரே வியாபாரி, ஒருத்தன் வாயில் போடுவதை இன்னொருத்தன் பிடுங்குகிறான், இதில் எப்படிப் பிழைப்பது என்று சாப்பிடும்போதெல்லாம் பேசினார். அம்மா, “அப்பம் மத்தவுக எல்லாம் எப்பிடிப் பொழைக்காவ?” என்று ஒருதரம் கேட்டாள். அப்பா சோற்றில் கையை உதறி எழுந்தார். அம்மா அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மாமாவுக்குக் கூமாப்பட்டியில் தோப்பு. மலையடிவாரம், தண்ணீர்ப் பஞ்சம் இல்லாத பூமி. தேங்காய் போட்டுவைக்க ஓட்டுக் கொட்டகை ஒன்று கட்டியிருந்தார். வாடகை வேண்டாம், கரண்டு பக்கத்திலேயே வருகிறது, கூலிக்கு ஆள் எம்புட்டு வேணும்னாலும் கிடைக்கும் என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். கூமாப்பட்டியில் ஒரு தறிகூடக் கிடையாது என்பதை அவர் ஒரு குறையாகச் சொன்னார். அப்பா அதைத்தான் பெரிய வசதியாக எடுத்துக்கொண்டார். போட்டியே இல்லாத ஊர். அட்வான்ஸைக் காட்டி ஆளை இழுக்க ஒருத்தன் இல்லை.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அப்பா ஒரு கோணிச்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு செட்டு செட்டாகப் போனார். மனசுக்குள் எழுதிவைத்திருந்த பிக்கரை எல்லாம் திருப்பிக் கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் கூடவே போனேன், எண்ணுவதற்கு. யாரும் இல்லையென்று சொல்லவில்லை. பக்கத்து செட்டுக்காரர் மட்டும் அலமாரியைத் திறந்துவிட்டு, “ஒம்மளோடது எதுன்னு நீரே எடுத்துக்கிடும்” என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அப்பா பார்த்துப் பார்த்து எடுத்தார். சாக்கு நிறைந்தது. அந்தச் சாக்கின் வாசனை, எண்ணெயும் எருமைத்தோலும் கலந்த ஒரு கவிச்சி, இப்போதும் சில சமயம் எங்கிருந்தோ வரும். வந்தால் அன்றைக்கு முழுவதும் எனக்கு ஒரு காரியமும் ஓடாது.

“இந்தச் சாக்கு இருக்க வரைக்கும் எவன் வாசல்லயும் போய் நிக்க வேண்டாம்” என்றார் அப்பா.

கூமாப்பட்டியில் முதல் பத்து நாள் திருவிழாதான். தறி ஓடுவதைப் பார்க்க ஊரே வந்தது. வேட்டி வருமா, சேலை வருமா என்று கேட்டார்கள். சல்லடை மாதிரி வெள்ளைத்துணி இறங்குவதைப் பார்த்து ஒரு பெரியவர், “இத உடுத்துனா உள்ள இருக்கது எல்லாம் தெரியுமேப்பா” என்றார். மாமா, “அது ஒடம்பு உடுத்துதது இல்ல பெரியப்பா, புண்ணு உடுத்துதது” என்றார். கொட்டகையே சிரித்தது. அப்பா அவ்வளவு சத்தமாகச் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

உள்ளூரில் நாலு பேரைச் சேர்த்துப் பழக்கினார். அம்மா தார் சுற்றினாள், நாடாவுக்குள் போகிற கட்டையில் நூல் ஏற்றுகிற வேலை. நானும் சுற்றினேன். ஒரு மாதம்தானே. என் புத்தகப்பையைக் கொட்டகை உத்தரத்தில் மாட்டிவைத்திருந்தேன், எலிக்குப் பயந்து. தினமும் காலையில் ஒருதரம் இறக்கிப் பார்ப்பேன். பஞ்சுத்தூசி படிந்து அது நாளுக்கு நாள் வெள்ளையாகிக்கொண்டே வந்தது.

முதல் பிக்கர் பிய்ந்தது பதினோராம் நாள். சாக்கில் கைவிட்டு ஒன்றை எடுத்து மாட்டி, அப்பா எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்த்தீர்களா என்கிற பார்வை. அடுத்த வாரம் உடைந்தது பிக்கர் இல்லை, ஒரு சின்ன ஸ்பிரிங். சாக்கில் ஸ்பிரிங் இல்லை. அதற்கடுத்து வேறொன்று. பிக்கர் மட்டும்தான் கெட்டுப்போகும் என்று தறிக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை போலும். அப்பாவின் கணக்கில் பிக்கர் மட்டும் இருந்ததற்குக் காரணம், அவர் கடன் கொடுத்தது அது ஒன்றைத்தான். மற்றதையெல்லாம் வாங்கத்தான் செய்திருந்தார்.

அப்போது ஆரம்பித்தது என் பஸ் பயணம். அப்பா தறியை விட்டு நகர முடியாது. அம்மாவுக்குத் தாரும் தம்பியும். மிச்சம் நான். உடைந்த சாமானைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கூமாப்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பஸ். அங்கிருந்து ராஜபாளையத்துக்கு ஒரு பஸ். அங்கே கடையில் இல்லையென்றால் எங்கள் பழைய ஊருக்கு மூன்றாவது பஸ். வாரத்தில் ஒருநாள், அப்புறம் ரெண்டு நாள், அப்புறம் எண்ணவில்லை. பிறவியிலேயே நான் பயந்தவள். சில்லறையைப் பாவாடை ஓரத்தில் முடிந்து, நிறுத்தத்துக்கு நிறுத்தம் தொட்டுப்பார்ப்பேன். சாமானைத் தொட்டுப்பார்ப்பேன். மறுபடி சில்லறையை.

ராஜபாளையத்துக் கடைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னைக் கண்டதும், “ரா தல்லி, கூச்சோ” என்று ஸ்டூலைத் தள்ளிப்போடுவார். அந்த ஸ்டூலில் உட்கார்கிற நேரம் மட்டும்தான் எனக்கு நிம்மதி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறும்போது அரைமணி, முக்கால்மணி நிற்க வேண்டும். பால்கோவாக் கடைகள் வரிசையாக இருக்கும். பால் வற்றுகிற வாசனை பசியில் நிற்கிறவளை வந்து இழுக்கும். நான் வாங்கினதில்லை, வாசனைக்குக் காசு கேட்கமாட்டார்கள் என்பதால் நின்றேன். ஒருநாள் எனக்குத் தோன்றியது, இத்தனை கடை ஒட்டி ஒட்டி இருக்கிறதே, அப்பா சொல்கிற மாதிரி ஒருத்தர் வாயில் போடுவதை ஒருத்தர் பிடுங்கிக்கொள்ள மாட்டார்களா என்று. கடையில் கிண்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டே விட்டேன். அவர் கரண்டியை நிறுத்தாமல் சொன்னார்: “பால்கோவா வாங்க வாரவன் இந்தத் தெருவுக்குத்தான் வாரான் பாப்பா. நான் போட்டி வேண்டாம்னு மலையடியில போயி கட போட்டா, கொரங்குதான் வந்து வாங்கும்.”

அதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. நாங்கள் இருந்ததே மலையடி. “பால்கோவா கெட்டுப்போற சாமான். துணி கெட்டா போவுது?” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். துணி கெட்டுப்போகாது என்பது சரிதான். எத்தனையோ வருடம் கழித்துத்தான் எனக்குப் பதில் கிடைத்தது. துணியைப் பற்றிய பேச்சே இல்லை அது, வாங்க வருகிறவனைப் பற்றியது. அப்போது அப்பா இல்லை.

பழைய ஊருக்குப் போகிற நாளில் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்கு வரவேண்டும். ஒருநாள் இடைவேளை மணி அடிக்கிற நேரம். மடியில் எண்ணெய்த் துண்டோடு நான் வேகமாகக் கடந்தேன். என் வகுப்பு டீச்சர் கேட்டிலிருந்து கூப்பிட்டார். எந்தப் பள்ளியில் சேர்ந்தாய் என்று கேட்டார். சேரவில்லை, டி.சி. வாங்க வேண்டும் என்றேன். அவர் உள்ளே போய் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு வந்து, ஸ்பெஷல் ஃபீஸும் தையல் கிளாஸ் சாமானுமாகப் பதினொன்றரை ரூபாய் பாக்கி, அதைக் கட்டினால் அன்றைக்கே கையில் தந்துவிடலாம் என்றார். “அப்பாவ வரச் சொல்லு. வருசப் பரீட்சைக்குள்ள சேந்துட்டா பாஸ் ஆயிருவே. விட்டுட்டேன்னா பொறவு வரமாட்டே” என்றார். அவர் என்னைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

வீட்டில் சொன்னேன். தறிகளில் ஏற்றியிருக்கிற பாவு நூல் முடியட்டும், வியாபாரியிடம் துணி போட்ட கையோடு கட்டிவிடலாம் என்றார் அப்பா. லாரிக்கு எண்ணூறு ரூபாய் எண்ணிக் கொடுத்தவர். இதையும் நான் அப்போது நினைக்கவில்லை. பாவு முடிய இருபது நாள் என்று கணக்குப்போட்டு, கொட்டகைச் சுவரில் கரியால் நாளுக்கு ஒரு கோடு போட்டுவந்தேன்.

கோடு ஆறாக இருந்தபோது ஒரு சக்கரத்தில் பல் உடைந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். துணியை இழுத்துச் சுருட்டுகிற இடத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பல்சக்கரம் உண்டு. அங்குலத்துக்கு எத்தனை இழை குறுக்கே விழ வேண்டும் என்பதை அதன் பல்லின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கும். பல் குறைந்தால் இழை குறையும். எங்கள் ஊரில் அப்பா ஒருநாளும் பல் எண்ணினதில்லை. எந்தத் துணிக்கு எத்தனை பல் என்பது ஃபிட்டரின் தலைக்குள் இருந்தது. அது அங்கேயே நின்றுபோனது, லாரியில் ஏறவில்லை.

பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு பல், வேரோடு போயிருந்தன. மற்றப் பற்களின் உதவியில் தறி நொண்டிக்கொண்டு ஓடியது. அதனால் சக்கரத்தைக் கழற்றி அனுப்பாமல் எண்ணிக்கையை மட்டும் எழுதிக் கொடுத்தனுப்ப அப்பா நினைத்தார். தறியை ஒருதரம் நிறுத்தி, எச்சில் தொட்டு ஒவ்வொரு பல்லாக எண்ணினார். பீடிக்கட்டுத் தாளில் இருபத்திரண்டு என்று எழுதினார். ஓடிக்கொண்டிருந்த இன்னொரு தறியையும் நிறுத்தி ஒத்துப்பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. நானும் பக்கத்தில் நின்று எண்ணினேன். ரெண்டு பல் இருந்த வெற்றிடம் அங்கே பளிச்சென்று தெரிந்தது.

“அப்பா, ஒடஞ்சதையும் சேத்தா இருவத்திநாலு.”

“எட்டாங்கிளாஸ முடிக்காதவ எனக்குக் கணக்குச் சொல்லுதியாட்டி? பஸ் போயிரும், ஓடு.”

பஸ்ஸில் முழுக்க அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே போனேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன். கடைக்காரர், “எத்தன பல்லும்மா?” என்று கேட்டார். இருபத்திநாலு என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்பா சொன்னதை மாற்றிச் சொல்லி, ஒருவேளை நான் எண்ணினது தப்பாக இருந்தால்? மறுபடியும் ரெண்டு பஸ், மறுபடியும் ஒருநாள் தறி நிற்கும், கோடு ஒன்று கூடும். தாளை நீட்டினேன். இருபத்திரண்டு பல் சக்கரம் வாங்கி வந்தேன்.

நாலு தறிக்கும் ஒரே சக்கரம் இருக்கட்டும் என்று நாலு வாங்கிவரச் சொல்லியிருந்தார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சக்கரம் மாட்டின பிறகு தறி நொண்டாமல் ஓடியது. துணி மளமளவென்று இறங்கியது. முன்னைவிட வேகமாகவே இறங்கியது. இழை குறைந்தால் துணி சீக்கிரம் நீளும் என்று தெரியாமல், பார்த்தாயா என்று அப்பா அம்மாவிடம் பெருமைப்பட்டார். என் கோடும் சீக்கிரம் தீர்ந்தது. எனக்கும் சந்தோஷம்தான். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

பழைய ஊரில் இருந்திருந்தால் வியாபாரி சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சைக்கிளில் வந்து துணியைத் தொட்டுப்பார்த்திருப்பார். முதல் சனிக்கிழமையே, “இதென்னய்யா, கொசுவல தோத்துரும் போலுக்கே” என்று சொல்லியிருப்பார். நஷ்டம் ஒரு வாரத் துணியோடு போயிருக்கும். இங்கே யார் வருவார்? லாரிச் செலவுக்குக் கட்டுபடியாகட்டும் என்று, அந்தப் பாவு முடிந்தும் புதுப் பாவு ஏற்றி ஓட்டி, ஒன்றரை மாதத் துணியைச் சேர்த்துவைத்து ஒன்றாகக் கொண்டுபோனார் அப்பா. வியாபாரி, இழை எண்ணுகிற சின்னக் கண்ணாடியைத் துணிமேல் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நகர்த்தி வைத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி, இழை குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவான், எனக்கு வேண்டாம் என்றாராம். துடைக்கிற துணி விலைக்குத்தான் போனது. நூல் கடன் கொடுத்தவருக்கே பற்றவில்லை.

அன்று அப்பா பதினொன்றரை ரூபாயைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் ஃபிட்டர் ஒருதரம் வந்தார். மூன்று பஸ் மாறி வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். “இருவத்திநாலுல்லா போடணும்” என்றார். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. அம்மா திரும்பினாள். சாயங்காலம் கிளம்பும்போது அவர் கூலி வாங்கவில்லை, பஸ்காசு மட்டும் வாங்கிக்கொண்டு சொன்னார்:

“அண்ணாச்சி, வருத்தப்படாதீய. அங்கன ஒரு டீயக் குடிச்சி முடிக்கதுக்குள்ள நாலு செட்டப் பாத்துருவேன். இங்க ஒரு செட்டுக்கு எனக்கு ஒரு நாளு போவுது. நாளைக்கும் கூப்பிட்டா வாரேன்னு சொல்லலாம், ஆனா அது பொய்யில்லா?”

அப்பா, “அப்பம் இன்னும் நாலு பேரு இங்க வந்து தறி போட்டா வருவீராக்கும்?” என்றார் கோபமாக.

“வருவனே. குடியே வந்துருவேன்” என்றார் அவர். அதில் கேலி இல்லை. அப்பாதான் கேலி என்று எடுத்துக்கொண்டார்.

மீதியைச் சுருக்கிவிடலாம். நாற்று நடவு வந்தது, பழகின ஆட்கள் நாலு பேரும் வயலுக்குப் போய்விட்டார்கள்; வயலில் அன்றாடம் கூலி, மத்தியானம் சோறு. யாரும் அட்வான்ஸ் காட்டி இழுக்கவில்லை. நடவுக்கு மோட்டார்கள் ஓட ஆரம்பித்ததும் கரண்டு மங்கி, தறி மோட்டார் உறுமிக்கொண்டே நின்றது. தறி நின்றால் காகமும் தென்னை ஓலையும்தான் கேட்டன. ஒருத்தரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

தறிகளை வாங்கிக்கொள்ள வந்தவர் பக்கத்து செட்டுக்காரர்தான். அடிமாட்டு விலைக்குக் கேட்பார் என்று அப்பா நினைத்தார். ஓரளவு நியாயமான விலைதான் கொடுத்தார். அதுவும் நூல் கடனுக்கே சரியாகப் போனது. மிச்சமிருந்த சாமான் சாக்கைக் கீழே கொட்டியபோது பிக்கர்கள் உருண்டன. அவர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினார். அடியில் ஒரு பச்சைப் பெயிண்ட் பொட்டு. இன்னொன்றிலும். மூன்றாவதிலும். அவர் செட்டுச் சாமானுக்கெல்லாம் பச்சைப் பொட்டு வைப்பது அவர் வழக்கம்; அது எனக்கே தெரியும். அப்பா பார்த்துப் பார்த்து எடுத்ததில் பாதி அவருடையது. அவர் மூன்றையும் திரும்பச் சாக்கில் போட்டார். நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியும். அப்பா பார்த்தாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. அடுத்த இருபது வருடம் அப்பா அவர் செட்டில்தான் தறி ஓட்டினார். நான் அங்கேயே தார் சுற்றினேன். நாங்கள் திரும்பி வந்தபோது வருடப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டிக்கிடந்தது. திறப்பதற்குள் நான் பெரியவளாகிவிட்டேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. டீச்சர் சொன்னது பலித்தது.

எங்கள் ஊர்த் தொழில் ஊரை விட்டு நகரவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நகர்ந்தது. எவ்வளவோ வருடம் கழித்து, இடம் பற்றாமல், சோழபுரம் பக்கம் ஆறேழு செட்டுக்காரர்கள் சேர்ந்து போனார்கள். ஃபிட்டர் மகன் அவர்களோடு போனான். சாமான் கடை ஒன்று பின்னாலேயே போனது, டீக்கடை போனது. நன்றாகத்தான் ஓடுகிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் சத்தம் கேட்கும். கேட்கும்போதெல்லாம் எனக்கு அப்பா மேல் கோபம்தான் வருகிறது. இடம் பெயர்ந்தது தப்பில்லை. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். நாலு பேரிடமும் கோபித்துக்கொண்டு போனால் எப்படி?

இதைத்தான் என் மகனிடம் சொல்லப்போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி விலைக்கு இடம் பார்த்திருக்கிறான். ஃபிட்டர் வேண்டாமா என்றேன், போனிலேயே வீடியோ போட்டுக் காட்டுவேன் என்கிறான். சாமான் கூரியரில் வருமாம். வேலைக்கு ஆட்கள் வடக்கேயிருந்து ரயிலில் வருவார்களாம். இருக்கலாம். எனக்குத் தெரியாத உலகம். அவன் சொல்வது சரியாகவும் இருந்துவிடலாம், அதையும் நினைத்துத்தான் படுக்கிறேன். ஆனால் பேத்தி எட்டாவது படிக்கிறாள். அவள் படிப்பு என்று கேட்டதற்கு, “மொதல்ல மிஷினு போவட்டும்மா. செட் ஆனதும் ஒரு மாசத்துல பாத்துக்கிடலாம்” என்றான்.

ஏழு பேரில் ஒருத்தரும் அங்கே இல்லை. என்னைத் தவிர.

மறுநாள் காலையில் பேத்தியின் பள்ளிக்கூடத்துக்கு நானே போனேன். பெற்றவர்கள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மருமகளைக் கையோடு கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். பாக்கி என்ன உண்டோ எல்லாவற்றையும் கட்டினேன், ரசீதை ரெண்டுதரம் வாசித்துப் பார்த்தேன். புதிய ஊர்ப் பள்ளியில் இடமும் சொல்லிவைத்தாயிற்று. டி.சி. என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மிஷின் எப்போது வேண்டுமானாலும் போகட்டும்.

திரும்பும் வழியில் என் பழைய பள்ளிக்கூடத்திலும் இறங்கினேன். அலுவலகத்தில் இருந்த பையனுக்கு என் மகன் வயசுகூட இருக்காது. பாவம், தூசி தட்டிப் பழைய ரிஜிஸ்டரைத் தேடி எடுத்தான். என் பெயர் இருந்தது. நேரே சிவப்பு மையில், டி.சி. வழங்கவில்லை, கட்டணம் நிலுவை. கைப்பையைத் திறந்து பணத்தை நீட்டினேன். சிரித்துவிட்டான். இதை எந்தக் கணக்கில் ரசீது போடுவது பாட்டி, வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வாங்க வழியில்லை என்று ரிஜிஸ்டரை மூடி, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டான்.

ஆக, பாக்கி இன்னும் அப்படியே நிற்கிறது. பதினோரு ரூபாய் ஐம்பது பைசா.